ரெட் டாட் பிஸ்டல்: போட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பிஸ்டல் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ரெட் டாட் வாங்கலாம்?" என்றுதான். துப்பாக்கியின் மேல் பொருத்தி, ஒளிப்புள்ளியால் குறிபார்க்கும் சிறு கருவிதான் ரெட் டாட். எதை வாங்குவது என்பதற்கு முன் கண்ணைப் பற்றிப் பேசிவிடலாம். ரெட் டாட் வந்தபின் போட்டித் துப்பாக்கிகளில் மாறியவை பெரும்பாலும், கண் பார்க்கும் இடம் மாறியதால் மாறியவை.

பழைய முறையில் பிஸ்டலின் பின்பக்கம் உள்ள பின்குறி, குழல் முனையில் உள்ள முன்குறி, இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கும். கண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெளிவாகத் தெரியும். அதனால் முன்குறியைக் கூர்மையாகப் பார், இலக்கு மங்கலாகவே இருக்கட்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். ரெட் டாட்டில், சின்ன எல்ஈடி விளக்கின் ஒளி கண்ணாடியின் பூச்சில் பட்டு இணைகதிர்களாகத் திரும்பி வருகிறது. புள்ளி தூரத்தில், இலக்கின் மேலேயே மிதப்பதுபோலத் தெரியும். இலக்கை மட்டும் பார்த்தால் போதும். வெள்ளெழுத்து வந்து முன்குறி மங்கிப்போனவர்கள் இதற்கு மாறியதில் ஆச்சரியமே இல்லை.

வேகத்தையும் துல்லியத்தையும் சேர்த்துப் பார்க்கும் துப்பாக்கிப் போட்டிகளின் சர்வதேச அமைப்பு ஐபிஎஸ்சி. 1990-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த அதன் உலகப் போட்டியில் அமெரிக்க வீரர் டக் கோனிக் ரெட் டாட்டுடன் வென்றார். அப்போதைய டாட்கள் பருமனானவை. ஸ்லைடில் (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) வைக்க முடியாது, ஃபிரேமில் (நகராத அடிப்பாகம்) தனிச்சட்டம் போட்டுத்தான் பொருத்துவார்கள். பெரும்பாலான மாற்றங்களை அனுமதிக்கும் ஓப்பன் பிரிவின் துப்பாக்கி அப்படி உருவானது. டாட் சிறிதாகி ஸ்லைடின் மேலேயே உட்கார்ந்தபின், இதே வகைப் போட்டிகளை அமெரிக்காவில் நடத்தும் யுஎஸ்பிஎஸ்ஏ அமைப்பு, அப்படிப்பட்ட துப்பாக்கிகளுக்காக கேரி ஆப்டிக்ஸ் என்ற பிரிவைத் தொடங்கியது. அதில் துப்பாக்கிக்கு 45 அவுன்ஸாக இருந்த எடை வரம்பு 59 ஆனதும், சிஇசட் ஷேடோ 2 போன்ற கனமான எஃகுத் துப்பாக்கிகளுக்கு மவுசு கூடியது. கனம் கூடினால் உதைப்பில் புள்ளி குறைவாகத் துள்ளும். 2023-ல் டாட் வைத்த துப்பாக்கிகளுக்கு லிமிடெட் ஆப்டிக்ஸ் என்ற இன்னொரு பிரிவும் வந்தது.

சரி, செய்முறைக்கு வருவோம்.

படி 1: கண்ணைச் சோதியுங்கள். புள்ளி வால்நட்சத்திரம் மாதிரி சிதறித் தெரிந்தால் டாட் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். துப்பாக்கியைக் காலி செய்து, மொபைல் கேமரா வழியாகப் பாருங்கள். அதில் வட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணில் சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) இருக்கிறது. கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

படி 2: பொருத்துங்கள். டாட்டின் அடிப்பாகமும் ஸ்லைடின் வெட்டும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவில் வைக்கும் சரியான பிளேட் (தகடு) தேவை. திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவுக்கே இறுக்கி, திருகின் தலையிலிருந்து உடல் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் திருகு தளர்ந்துவிட்டது.

படி 3: புள்ளியைக் கண்டுபிடியுங்கள். எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். அவசரப்படாதீர்கள். மேகசினைக் கழற்றி, சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். சுவரில் ஒரு சிறு குறியை ஒட்டி, அதையே பார்த்தபடி துப்பாக்கியைக் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். புள்ளி தெரியவில்லையா? துப்பாக்கியைச் சுற்றிச் சுற்றி ஆட்டித் தேடாதீர்கள். அநேகமாக முனை மேலே தூக்கியிருக்கும். மணிக்கட்டை லேசாக முன்னால் சாய்த்தால் கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து புள்ளி இறங்கி வரும். அப்புறம் கண்ணை மூடி உயர்த்தி, திறந்து பாருங்கள். பிடியின் கோணம் ஏன் முக்கியம் என்பது இப்போது கைக்கே புரியும். 1911 என்ற பழைய பிஸ்டல் வகையின் பிடிக்குப் பழகியவர், பிடி அதிகம் சாய்ந்த குளாக் பிஸ்டலை எடுத்தால் முனை மேலே போகும். முன்குறியும் பின்குறியும் இருந்தபோது, முனை தூக்கியிருப்பதை முன்குறியே காட்டிக்கொடுக்கும். டாட்டில் கண்ணாடி வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். விலையைவிட உங்கள் கைக்கு ஒத்த பிடிதான் முக்கியம் என்று அடித்துச் சொல்வேன்.

படி 4: ஜீரோ செய்யுங்கள், அதாவது புள்ளி காட்டும் இடத்தில் தோட்டா விழும்படி டாட்டைச் சரிசெய்யுங்கள். உரிமம் பெற்ற ரேஞ்சில், மேசைமேல் தாங்கு வைத்து 25 மீட்டரில் ஐந்து தோட்டா சுடுங்கள். ஒரு தோட்டாவை நம்பி, டாட்டைச் சரிசெய்யும் திருகைத் திருப்பாதீர்கள், ஐந்தும் விழுந்த கூட்டத்தின் நடுவைப் பாருங்கள். டாட்டின் அளவுகளைச் சொல்வது எம்ஓஏ-வில், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான கோணத்தில். அந்தத் தூரத்தில் 1 எம்ஓஏ ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். கூட்டம் 5 சென்டிமீட்டர் கீழே விழுந்தால், திருகின் ஒரு கிளிக் 1 எம்ஓஏ நகர்த்தும் டாட்டில் ஏழு கிளிக் மேலே. 6 எம்ஓஏ புள்ளி அங்கே 4 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக மறைக்கும். வேகமான போட்டிக்கு அது நல்லதே, சட்டென்று கண்ணில் படும்.

படி 5: டேப் ஒட்டுங்கள். புள்ளி கையில் நடுங்குவதைப் பார்த்து, அது நிற்கும் கணத்துக்காகக் காத்திருந்து ட்ரிக்கரைச் சுண்டிவிடும் பழக்கம் புதியவர்களுக்கு வரும். கண் இலக்கை விட்டுப் புள்ளிக்குப் போய்விட்டது என்று பொருள். மறுபடி துப்பாக்கியைக் காலி செய்து, டாட்டின் முன்பக்கக் கண்ணாடி மறையும்படி டேப் ஒட்டி, இரண்டு கண்ணையும் திறந்து சுவர்க்குறியைப் பாருங்கள். ஒரு கண் குறியையும் மற்றது புள்ளியையும் பார்க்கும். மூளை இரண்டையும் சேர்த்துவிடும். புள்ளியையே வெறித்தால் குறி மறைந்து டேப்தான் தெரியும். தினமும் பத்து நிமிடம் போதும்.