தாளிக்காத சூப்பு

சிங்கப்பூர் துவாஸில் கப்பல் பட்டறை வெல்டராக இருந்த எட்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு ஒரே கடைதான். கடைக்கார ஆண்ட்டி கான்டனீஸ் என்ற சீன மொழி பேசுகிறவர். பன்றி எலும்பும் கிழங்கும் போட்டு அவர் வைக்கும் சூப்பில் மஞ்சள் இருக்காது, மிளகாய் இருக்காது. முதல் தடவை கிண்ணத்தைப் பார்த்ததும் மூன்று வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போச்சே என்றுதான் நினைத்தேன். குடித்து முடித்துவிட்டு இன்னொன்று வாங்கினேன்.

இந்த வகைச் சூப்பை அவர்கள் 'லோ ஃபோ தோங்' என்பார்கள். வெகுநேரம் எரிந்த நெருப்பில் வைத்தது என்று அர்த்தம். சேலம் அம்மாப்பேட்டையில், என் வீட்டுப் பின்கட்டில் நான் இதை வைக்கும் விதத்தைச் சொல்கிறேன். பின்கட்டு ஏனென்றால், பன்றிக்கறி சமையலறைக்குள் வரக்கூடாது என்பது வீட்டுக்காரி சட்டம். தனி மண்சட்டி, தனிக் கரண்டி, விறகடுப்பு.

கறி முக்கால் கிலோ. 'வெண்பன்றி இறைச்சி' என்று போர்டு வைத்த கடைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சதை ஒட்டிய விலா எலும்பாகக் கேட்டு, இரண்டு அங்குலத் துண்டாக வெட்டச் சொல்லுங்கள். எடை நிரப்பத் தனிக் கொழுப்பைத் தள்ளிவிடுவார்கள், வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடவும்.

கிழங்கில் முதல் இடம் தாமரைக்கிழங்குக்கு. சேலத்தில் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் எப்போதாவது கிடைக்கும். வற்றலாக விற்கும் தாமரைத்தண்டை வாங்கிவிடாதீர்கள், அது உப்பில் ஊறியது, பொரிக்கத்தான் ஆகும். கிழங்கு கிடைக்காத வாரம் நான் கவலைப்படுவதில்லை. வெள்ளை முள்ளங்கி அரைக் கிலோ, கேரட் கால் கிலோ, இரண்டும் சூரமங்கலம் உழவர் சந்தையில் வாங்கிவிடுவேன். முள்ளங்கியும் கேரட்டும் போட்ட எலும்புச் சூப்பைச் சீனர்களே வீட்டில் வைக்கிறார்கள், நாம் ஒன்றும் ஏமாற்றவில்லை. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடலாமா என்று நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். ஜவ்வரிசி ஆலைக்குப் போகவேண்டிய மாவு சட்டிக்குள் வந்து கஞ்சியாகிவிட்டது.

கூடவே ஒரு கைப்பிடி கல்லக்காய்ப் பருப்பு (வேர்க்கடலை), இரவே ஊறவைத்தது. கட்டைவிரல் அளவு இஞ்சி, தோலோடு தட்டினால் போதும். ஆண்ட்டி காய்ந்த சிவப்பு இலந்தை நாலு போடுவார். நம் இலந்தைப்பழத்துக்கு அது சொந்தக்காரப் பழம், ஆனால் நம்முடையது புளிக்கும், ஆகாது. நான் பேரீச்சம்பழம் இரண்டு போடுகிறேன். கடைசியாகக் காய்ந்த ஆரஞ்சுத் தோல். சீனாவில் சின்ஹுய் என்ற ஊர்த் தோலுக்குத்தான் மதிப்பு, வருஷக்கணக்கில் வைத்துப் பழசாக்குவார்கள். எனக்கு ஏற்காட்டு ஆரஞ்சு. தோலை வெயிலில் சருகாகக் காயவைத்து டப்பாவில் போட்டிருக்கிறேன். ஒரு ரூபாய்க் காசு அளவுத் துண்டை ஊறவைத்து, உள்பக்க வெள்ளையைக் கத்தியால் சுரண்டிவிட்டால் கசப்பு போய்விடும்.

இனி கறிக்கு வருவோம். நம் ஆட்களுக்குக் கைவராத இடம் இதுதான். கழுவிய எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதி வந்ததும் சாம்பல் நிறத்தில் நுரையும் அழுக்கும் திரண்டு மேலே வரும். ஐந்து நிமிஷம் விட்டு, அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட வேண்டும். எலும்பை ஒவ்வொன்றாகக் கழுவி, சட்டியையும் தேய்த்துக் கழுவுங்கள். முதல் தடவை நான் கொட்டியதைப் பார்த்த அம்மா, "சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகுதேடா" என்று அடித்துக்கொண்டார். போகட்டும். சூப்பு கலங்குவதும் கவிச்சி அடிப்பதும் அந்தத் தண்ணீரால்தான்.

சரி, இப்போது புதுத் தண்ணீர் இரண்டரை லிட்டர். எலும்பு, இஞ்சி, பருப்பு, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், தாமரைக்கிழங்கு இருந்தால் அதுவும் உள்ளே. இரும்புச் சட்டி மட்டும் கூடாது, கிழங்கு கறுத்துவிடும். பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கட்டும், அப்புறம் விறகை இழுத்துவிடுங்கள். மேல்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு தண்ணீரோடு கலந்து பால்போல் வெளுத்துவிடும். குடிக்கலாம், தப்பில்லை, ஆனால் ஆண்ட்டி வைத்தது அது இல்லை. இடையில் தண்ணீர் போதவில்லையென்றால் வெந்நீர்தான் ஊற்ற வேண்டும்.

ஒன்றரை மணி நேரம் கழித்து முள்ளங்கியும் கேரட்டும். முள்ளங்கித் தோலைத் தடிமனாகச் சீவுங்கள், காரல் தோலை ஒட்டியே இருக்கும். வட்டமாக நறுக்காமல் கத்தியைச் சாய்த்து ஒரு வெட்டு, காயைக் கால்வட்டம் உருட்டி அடுத்த வெட்டு என்று போனால், துண்டு பெரிதாகவும் பல முகத்தோடும் வரும். கரையாது, சாறும் நன்றாக இறங்கும். இன்னும் முக்கால் மணி நேரம். இறக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கல்லுப்பு ஒன்றரை தேக்கரண்டி.

ஏற்காட்டில் மச்சான் வீட்டில் இதே கணக்கில் வைத்து அவமானப்பட்டேன். இரண்டே கால் மணி நேரம் ஆகியும் கறி எலும்பை விடவில்லை. "என்ன மாப்ள, சிங்கப்பூர்ச் சூப்பு ராத்திரிக்குத்தானா?" என்று மச்சான் கேட்கக் கேட்க, நான் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். அந்த ஊர் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் சட்டிக்குள் சூடு அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும். நெருப்பை வைத்துப் பிழைத்தவனுக்கு இது அன்றைக்குத் தோன்றவில்லை. மலை மேல் இருப்பவர்கள் கூடுதலாக முக்கால் மணி நேரம் வையுங்கள். இல்லாவிட்டால் எலும்பைக் குக்கரில் ஐந்து விசில் விட்டு, பிறகு திறந்து காய் போட்டுச் சிறுதீயில் வேகவிடலாம்.

மிளகு, பூண்டு, கறிவேப்பிலைத் தாளிப்பு என்று கை அரிக்கும். எனக்கும் அரித்தது, ஒரு தடவை செய்தும் பார்த்தேன். ஆட்டுக்கால் சூப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது, ஆட்டுக்காலே வாங்கியிருக்கலாம். காரம் வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. சின்னக் கிண்ணத்தில் சோயா சாஸ் ஊற்றி, பச்சைமிளகாயைப் பொடியாக நறுக்கிப் போட்டு, கறியை எடுத்து அதில் தொட்டுச் சாப்பிடுங்கள். ஆண்ட்டி கடையிலும் அப்படித்தான்.

மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கொழுப்பு மேலே தகடாக உறைந்திருக்கும், அப்படியே பெயர்த்து எடுத்துவிட்டுச் சூடாக்கலாம். எங்கள் மச்சான் மட்டும் மறுநாள் வரை விடமாட்டார். சூடாகச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டு, தொட்டுக்க அப்பளம் கேட்பார். நானும் பொரித்துக் கொடுத்துவிடுவேன்.