எண்ணெய்க்காகக் காட்டுப் பழங்களைச் சேகரிப்போர் கவனத்திற்கு

வேம்பு, இலுப்பை போன்ற மரங்களின் பழங்களை எண்ணெய்க்காகச் சேகரிப்பவர்கள், கிளைகளை உலுக்கிக் காய்களையும் சேர்த்து வீழ்த்தாமல், நன்கு பழுத்துத் தாமாக உதிர்ந்தவற்றை அன்றாடம் பொறுக்குவதே சிறந்தது. முதிராத விதையில் எண்ணெய் குறைவு. பொறுக்கிய பழங்களைக் குவித்து வைத்தால் சதை புளித்துச் சூடேறி, பருப்பில் பூஞ்சை பிடித்து, எண்ணெயின் அமிலத்தன்மை உயர்ந்துவிடும் என்பதால், ஓரிரு நாள்களுக்குள் சதையை நீக்கிக் கழுவி, விதைகளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்த்துங்கள். வேப்பங்கொட்டைக்கு நிழலே உகந்தது. இவ்வளவு உழைத்த பிறகு பிளாஸ்டிக் பைகளில் கட்டிவைத்துக் கெடுத்துவிடுவது வருத்தத்திற்குரியது. காற்றோட்டமுள்ள சணல் சாக்கு போதும். விற்கும்போது, வாங்குபவரின் முன்னிலையிலேயே ஒரு பிடி கொட்டையை உடைத்துப் பருப்பைக் காட்டுங்கள். ஈரமுள்ள சரக்கைத் தனி மூட்டையாகவே கொடுங்கள், ஏனெனில் அது கலந்தால் முழுச் சரக்கின் விலையும் இறங்கிவிடும்.