வீட்டுரிமைக்காகப் பேசுபவர்கள் சறுக்கும் இடங்கள்

சென்னையில் குடிசைப் பகுதிகளைக் காலி செய்யும்போது எழும் போராட்டங்களில் பெரும்பாலானவை நியாயமானவை, ஆனால் காலம் கடந்தவை. ஜேசிபி தெருமுனைக்கு வந்த பிறகு சாலையில் உட்கார்ந்தால் அன்றைய செய்தியில் இடம் கிடைக்கும். குடியிருக்க இடம் கிடைப்பது அரிது.

நோட்டீஸ் வரும் நாளைவிடக் கணக்கெடுப்பு நடக்கும் நாள் முக்கியமானது. கைரேகை எடுத்து, கதவில் எண் எழுதும் அன்றுதான் யாருக்கு வீடு என்பது ஏறக்குறையத் தீர்மானமாகிறது. வேலைக்குப் போனவர், பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றவர், வாடகைக்கு இருப்பவர், ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு வைத்திருக்கும் மகனின் குடும்பம் போன்றோர்தான் விடுபடுகிறார்கள். பகுதித் தலைவர்கள் பலர் அதிகாரிகளுக்குத் தெருவைச் சுற்றிக்காட்டுவதோடு தங்கள் வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். உண்மையில் அங்குதான் தொடங்குகிறது. ரேஷன் அட்டை, மின் கட்டண ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றுடன் பகுதியினரே தங்களுக்கென ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். அரசுப் பட்டியலைக் கேட்டு வாங்கித் தெருவில் உரக்கப் படிக்க வேண்டும். விடுபட்ட பெயர்களுக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். வாய்மொழியாக "சேர்த்துவிடுகிறோம்" என்று சொல்வதை நம்பிக் கெட்டவர்கள் ஏராளம்.

அடுத்தது, தீர்ப்பைப் பாதி மட்டும் படிப்பது. மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பை மேடைதோறும் மேற்கோள் காட்டுகிறார்கள். வாழ்வாதார உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று அது சொன்னது உண்மை. அதே தீர்ப்பு, உரிய நடைமுறையைப் பின்பற்றி நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றும் சொன்னது. அங்கே 1976-இல் எடுத்த கணக்கெடுப்பின் அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்றது. அங்கேயும் பட்டியல்தான் பேசியது. நம்மிடம் 1971-ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டம் இருக்கிறது. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதியாக அறிவிக்கவும், இருக்கும் இடத்திலேயே மேம்படுத்தவும் அது வழி செய்கிறது. அந்த அறிவிப்பைக் கோரி மனு கொடுக்கும் அமைப்புகள் எத்தனை? நிலம் எந்த வகைப் புறம்போக்கு என்றுகூடத் தெரியாமல் பட்டா கேட்டுப் பேரணி போவதும் இந்த ரகம்தான். பட்டா தர அரசுக்குத் தடையில்லாத, ஆட்சேபணையற்ற புறம்போக்குக்கு ஒரு வழி, நீர்நிலைப் புறம்போக்குக்கு முற்றிலும் வேறு வழி.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, எண்ணிக்கையில் மயங்குவது. 'ஆயிரம் வீடு கொடுக்கிறார்கள்' என்றதும் எங்கே என்று கேட்பதற்குள் கைகுலுக்கல் முடிந்துவிடுகிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு விளிம்பில் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து மக்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். சுவர் உறுதியாகக் கிடைத்தது. ஆனால் மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிய பெண்ணுக்கு, விடியலில் பஸ் ஏறிப் போய்த் திரும்ப ஆகும் நேரமே ஒரு வீட்டு வேலையைத் தின்றுவிடும். கல்வியாண்டின் நடுவே மாற்றப்பட்ட பிள்ளைகள் படிப்பை விட்டதும் உண்டு. வெள்ள அபாயம் என்று சொல்லி ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டவர்கள், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதியில் மறுபடியும் தண்ணீரில் நின்றார்கள். 'எங்கே' என்ற கேள்வியை முன்கூட்டியே எழுப்பியிருக்க வேண்டியவர்கள் அவர்கள் சார்பில் பேசப் போனவர்கள்.

கட்டி முடித்த அடுக்குமாடி ஒன்றுதான் தீர்வு என்றும் இல்லை. 1977-இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அடிப்படை வசதியுடன் மனைகள் பிரித்துத் தரப்பட்டன. குடும்பங்கள் கையிருப்புக்கேற்ப மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டன. இன்றைய கோரிக்கைப் பட்டியல்களில் இந்த வகையைப் பார்க்கவே முடிவதில்லை.

பேச்சுவார்த்தைக்கு யார் போவது என்பதிலும் கவனம் வேண்டும். கட்சிக்காரர் ஒருவர் மட்டும் உள்ளே போய் வந்து "எல்லாம் பேசியாச்சு" என்றால், என்ன பேசப்பட்டது என்று தெருவுக்குத் தெரியாது. தண்ணீர், பள்ளி, இரவில் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வரும் தூரம் ஆகியவற்றைப் பற்றிப் பெண்கள் கேட்பதைப்போல வேறு யாரும் கேட்பதில்லை.

சாவி கைக்கு வந்ததும் கலைந்துபோவதும் தவறு. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிய அடுக்கத்தின் சுவர்ப்பூச்சு கையால் தொட்டாலே உதிர்வது 2021-இல் பெரிய செய்தியானது. கட்டும்போதே குடியேறப் போகிறவர்கள் போய்ப் பார்க்க ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் அது முன்பே வெளிவந்திருக்கும். பெரும்பாக்கத்தின் உயரமான அடுக்கங்களில் லிப்ட் நின்றால் யார் சரிசெய்வது, பராமரிப்புக்கு யார் பணம் தருவது என்பதைக் குடியேறும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில் தவணை கட்டி முடித்தும் விற்பனைப் பத்திரம் கைக்கு வராத குடும்பங்கள் உண்டு. ஒதுக்கீடு தாத்தாவின் பெயரிலேயே நின்றிருக்கும். கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு வரும்போதுதான் வாரிசுச் சான்றுக்கு அலைவார்கள். பத்திரத்தையும் பெயர் மாற்றத்தையும் அந்தப் பேச்சு வருவதற்கு முன்பே கேட்டுத் தொடங்கிவிட வேண்டும்.