எடை குறைக்கக் கிளம்புகிறவர்கள் கணக்கில் விடும் தவறுகள்

சாப்பாட்டை ஒழுங்குபடுத்த வேண்டும், நடக்கத் தொடங்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் முதல் வாரத்திலேயே மூன்று பொருள்களைச் சேர்த்துவிடுகிறார்கள்: செல்போனில் ஒரு கலோரி ஆப், சமையலறையில் ஒரு டிஜிட்டல் தராசு, கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச். மூன்றுமே உதவும். ஆனால் அவை காட்டும் எண்ணைத் தப்பாகப் படித்தால், ஒரு மாதம் வாயைக் கட்டினாலும் பலன் தெரியாது. "நமக்கெல்லாம் இறங்காது" என்று கைவிடுகிறவர்களில் பலர் உண்மையில் தோற்றது கணக்கில்தான்.

அரிசியா, சோறா?

வேகாத அரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரி இருக்கிறது. அது வெந்து தண்ணீரை இழுத்துக்கொண்டால் 250 முதல் 300 கிராம் சோறாகிவிடும். அதனால் 100 கிராம் சோற்றில் இருப்பது 120, 130 கலோரிதான். தட்டில் உள்ள 250 கிராம் சோற்றை ஆப்பில் 'அரிசி 250 கிராம்' என்று போட்டால், 320 காட்ட வேண்டிய இடத்தில் 875 காட்டும். அதைப் பார்த்துப் பயந்து மதியச் சோற்றையே நிறுத்துவார்கள்; சாயங்காலம் நாலு மணிக்கு மிக்சர் பாக்கெட்டைப் பிரிப்பார்கள். இதே தவறு பருப்பிலும் நடக்கும், விளைவுதான் வேறு. சாம்பாரில் மிதக்கும் வெந்த பருப்பை வேகாத பருப்பின் கணக்கில் எழுதிவிட்டு, புரதம் போதும் என்று இருந்துவிடுவார்கள்.

நம்பகமான எண்கள் வேண்டுமென்றால் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வெளியீடுகளைப் பாருங்கள். (1918-ல் நம் குன்னூரில் தொடங்கி, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறிய நிறுவனம் அது.) அது 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. அதில் ஒரு பொறி உண்டு: ஆற்றல் கலோரியில் இல்லை, கிலோஜூலில் இருக்கிறது. அரிசிக்கு நேராக 1491 என்று பார்த்து மலைக்க வேண்டாம். 4.184-ஆல் வகுத்தால் 356 கலோரி வரும்.

அதே நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளுக்கு 2000 கலோரி தேவைப்படுகிறவருக்குச் சொல்லும் அளவு இது: தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம். இவை சமைப்பதற்கு முந்தைய எடை. நம் வீடுகளில் பெரிதும் குறைவது காய்கறி. பொரியல் என்று தட்டின் ஓரத்தில் இரண்டு கரண்டி வைத்தால் 400 கிராம் எட்டாது.

எண்ணெயைக் கரண்டியால் அளக்காதீர்கள்

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. தோசைக்குச் சுற்றிலும் விடுவது, தாளிப்பது, பொடிக்குக் குழைப்பது, எல்லாவற்றையும் அளந்துகொண்டே சமைக்க யாராலும் முடியாது. இரண்டு நாளில் சலித்துவிடும். மாதக் கணக்கு சுலபம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 27 × 4 × 30, அதாவது சுமார் 3.2 கிலோ. லிட்டரில் மூன்றரை. நெய்யும் இதில் அடக்கம். உங்கள் மளிகைச் சீட்டில் ஐந்து லிட்டர் இருந்தால் மிச்சம் எங்கே போகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அப்பளமும் பூரியும் பொரித்த வாணலியில்தான் கிடைக்கும்.

உப்புக்கும் இதே வழி. ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் என்றால் நால்வருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாயிலும் கருவாட்டிலும் வருவதும் இதில் அடக்கம். சோடியம் குறைந்த உப்பு வாங்கினால் ஒரு எச்சரிக்கை: அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சிலவகை இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

பாக்கெட்டின் முன்பக்கம்

கேழ்வரகு பிஸ்கட் என்று முன்னால் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பின்னால் திருப்புங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதா, பிறகு சர்க்கரை, பாமாயில், அதற்குப் பிறகு கேழ்வரகு என்றிருந்தால் அது மைதா பிஸ்கட். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் உடம்புக்குச் சர்க்கரைதான்.

சிறுதானியத்திலும் ஒரு மயக்கம் உண்டு. சாமை, தினை, வரகின் கலோரி அரிசியை ஒட்டியே இருக்கும், லாபம் நார்ச்சத்தில். நன்றாகத் தீட்டி வெளுத்ததை வாங்கினால் அந்த லாபமும் போய்விடும். மங்கலான நிறத்தில், தவிடு ஒட்டியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அளவு, முன்பு சாப்பிட்ட சோற்றின் அளவைத் தாண்ட வேண்டாம்.

எடை இயந்திரமும் இஞ்ச் டேப்பும்

நேற்று ஊறுகாயும் சோறும் கூடியிருந்தால் இன்று ஒரு கிலோ ஏறிக் காட்டும். அது கொழுப்பு அல்ல, தண்ணீர். காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, வெறும் வயிற்றில் எடை பாருங்கள். ஒரு வாரச் சராசரியை முந்தின வாரச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும்.

எடையைவிட இடுப்புச் சுற்றளவு நமக்கு நேர்மையானது. தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. எல்லை. பேன்ட் கட்டும் இடத்தில் அளப்பது தவறு, அது தொப்பைக்குக் கீழே இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. என்ற எண் 25 வரை சரி என்று பல ஆப்கள் காட்டும். ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை.

நடை

பத்தாயிரம் அடி என்பது வேதவாக்கு அல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே அது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். போனில் பேசிக்கொண்டே உலாவுவது இதில் சேராது.

'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் 8 கி.மீ. நடைபாதைகள் அமைத்திருக்கிறார்கள். நல்ல வசதி, ஆனால் பழக்கமில்லாதவர் முதல் நாளே எட்டையும் முடித்தால் குதிகாலும் முட்டியும் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் வீட்டில் உட்காருவார். 15 நிமிடத்தில் தொடங்கி, வாரம் ஐந்து நிமிடம் கூட்டினால் போதும்.

60 கிலோ உள்ளவர் அரை மணி வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. ஓர் உளுந்து வடையும் சர்க்கரை போட்ட காபியும் அதைத் தாண்டிவிடும். வாட்ச் காட்டும் எண்ணை நம்பி அதற்கு ஈடாகச் சாப்பிடக் கூடாது.

நடையோடு நிறுத்துவது இன்னொரு குறை. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும். ஜிம் இல்லையென்றால் நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்குவது என்று தொடங்கலாம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கி, நடையையும் கூட்டினால் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் அளவை முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு, நடக்கப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ வைத்துக்கொள்ள வேண்டும்.