குளிர் நாட்டில் குறைந்த செலவில் ஆள் நுழையும் கோழிக்கூடு கட்டும் முறை

கனடாவின் ஒட்டாவா, வின்னிபெக் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள பகுதிகளில் புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் குளிரை நினைத்துத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் சன்னல்களை அடைத்து, வெப்ப விளக்கு மாட்டி, வேண்டாத செலவும் செய்கிறார்கள். கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். காற்று வீசாத இடத்தில் இறகுகளை உப்பவைத்து அமர்ந்திருக்கும் வளர்ந்த கோழி, உறைநிலைக்கு வெகுகீழான இரவுகளையும் தாங்கிவிடும். மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் எழும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும்போதுதான் கொண்டையிலும் தாடியிலும் பனிக்கடி (குளிரில் தசை உறைந்து கெடுவது) எளிதில் வருகிறது. ஆகவே மேலே காற்று போய்வரவும், கோழி அமரும் மட்டத்தில் காற்று வீசாமலும் இருக்கும் கூட்டைத்தான் இங்கே கட்டப்போகிறோம்.

அளவு

கூட்டின் தரை 8 அடிக்கு 8 அடி. பிளைவுட் பலகை கடைகளில் 4 அடிக்கு 8 அடியாகக் கிடைப்பதால், இரண்டு பலகைகள் வெட்டாமலே தரைக்குப் பொருந்திவிடும். கோழி ஒன்றுக்கு 4 சதுர அடி என்ற வழக்கமான கணக்கின்படி 16 கோழிகள் அடங்கும். ஆனால் பனி குவிந்திருக்கும் நாட்களில் அவை வெளியே கால் வைக்க மறுக்கும் என்பதால், 12 கோழிகளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பேன். ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்தை மட்டும் எக்காரணத்திற்காகவும் குறைக்காதீர்கள். குனிந்து கைவிட்டு எட்ட வேண்டிய கூட்டைச் சனவரி மாதத்தில் யாரும் ஒழுங்காகத் துப்புரவு செய்வதில்லை.

எத்தனை கோழிகள் வளர்க்கலாம், கூடு வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பவை ஊருக்கு ஊர் மாறும்; சேவலை அனுமதிக்காத ஊர்களும் பல. மரம் வாங்குமுன் நகராட்சியில் கேட்டுவிடுங்கள்.

முதல் படி: அடித்தளமும் தரையும்

குளிர் நாட்டு மண்ணில் உள்ள நீர் உறையும்போது நிலம் மேலெழும்பும். ஆழமில்லாமல் நட்ட தூண்களை அது ஒன்றுக்கொன்று வேறுபட்ட அளவில் தூக்கிவிடும். உறைமட்டத்திற்கு, அதாவது மண் உறையும் ஆழத்திற்கு, கீழே தோண்டிக் கான்கிரீட் இடுவது செலவு பிடிக்கும் வேலை. அதற்கு மாற்றாக, மேல்மண்ணை அகற்றிச் சரளை பரப்பி இறுக்கி, அதன்மேல் மருந்தூட்டிய 4 அங்குலச் சதுரக் கட்டைகள் மூன்றை இணையாகக் கிடத்துங்கள். நிலம் அசைந்தாலும் கூடு முழுவதும் ஒன்றாகவே அசையும். இவற்றின் குறுக்கே 2×6 (அங்குலக் கணக்கில்) சட்டங்களை 16 அங்குல இடைவெளியில் பதித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்த பின், மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் 11 அடி 3¾ அங்குலமாக இருந்தால் சட்டகம் சரியான சதுரம். பிறகு முக்கால் அங்குலப் பிளைவுட்டைத் திருகாணியால் பொருத்துங்கள்.

இரண்டாம் படி: சுவரும் கூரையும்

தெற்கு நோக்கிய முன்சுவர் 8 அடி உயரம், வடக்கிலுள்ள பின்சுவர் 6 அடி உயரம். இந்தச் சரிவினால் பனி பின்பக்கமாகச் சரியும், குளிர்கால வெயில் முன்சன்னல் வழியே உள்ளே விழும். சுவர்ச் சட்டங்களுக்கு 2×4 மரத்தை 24 அங்குல இடைவெளியில் நிறுத்தினால் போதும். கைமரங்கள் பனியின் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்பதால் அவற்றை 2×6 மரத்தில் 16 அங்குல இடைவெளியில் வையுங்கள். 10 அடி மரம் வாங்கினால் முன்னும் பின்னும் ஏறக்குறைய 10 அங்குல இறவாரமும் கிடைத்துவிடும். கூரைக்கான நெளிதகட்டை நேராகக் கைமரத்தின்மேல் போடாதீர்கள். உள்ளிருந்து எழும் ஈரம் குளிர்ந்த தகட்டின் அடியில் படிந்து கோழிகளின்மேல் சொட்டும். அடியில் ஒரு பிளைவுட் அடுக்கு கட்டாயம் வேண்டும்.

மூன்றாம் படி: காற்றோட்டம்

பலர் சுவரின்மேல் கைமரங்களுக்கு இடையே இருக்கும் சந்துகளைப் பலகையால் அடைத்துவிடுகிறார்கள். அவற்றை அடைக்காமல், அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையால் மூடுங்கள். முன்னும் பின்னும் சேர்த்து ஏறத்தாழ 6 சதுர அடித் திறப்பு செலவே இல்லாமல் கிடைக்கும். இறவாரம் மழையையும் பனியையும் பெருமளவு தடுக்கும். வடக்குப் பக்கத்தில் மட்டும் கீல் வைத்த பலகை ஒன்றைப் பொருத்தி, பனிப்புயல் அடிக்கும் இரவில் மூடிக்கொள்ளலாம். கோழி ஒன்றுக்கு 1 சதுர அடி என்பது பொதுவான அளவு; மீதியைக் கோடையில் சன்னல்கள் ஈடுசெய்யும்.

நான்காம் படி: கதவும் வலையும்

வெளிப்புறமாகத் திறக்கும் கதவைப் பனிக்குவியல் அடைத்துவிடும். உட்புறமாகத் திறக்கும் கதவைத் தரையில் பரப்பிய மரச்சீவல் தடுக்கும். எனவே கதவை உட்புறமாகவே திறக்க வைத்து, வாசலின் கீழே 10 அங்குல உயரத் தடுப்புப் பலகை அடித்து, அதற்கு மேலே கதவு தொடங்கும்படி அமையுங்கள். கோழிகளின் சிறுவாசலுக்கும் இதே உயரம் பொருந்தும். ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற தொண்டு நிறுவனத்தின் ரீஸ்டோர் கடைகளில் பழைய கதவுகளும் சன்னல்களும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை முதலில் வாங்கிவிட்டு, அவற்றின் அளவுக்கேற்பச் சுவரில் இடம் விடுங்கள்.

மரத்தில் மிச்சம் பிடிக்கலாம், வலையில் பிடிக்கக் கூடாது. கோழிவலை என்று விற்கப்படும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, ரக்கூன் என்னும் காட்டு விலங்கை வெளியே நிறுத்தாது. கீரியைப் போல் ஒல்லியான வீசல் என்னும் சிறு விலங்கோ ஓர் அங்குல ஓட்டையிலேயே நுழைந்துவிடும். எல்லாத் திறப்புகளுக்கும் அரை அங்குலக் கம்பிவலையை வாஷரும் திருகாணியும் கொண்டு பொருத்துங்கள். ரக்கூன் எளிய கொக்கியைத் திறந்துவிடும் என்பதால் நாதாங்கியோடு, அதில் மாட்டிப் பூட்டும் கொளுவியும் வேண்டும்.

ஐந்தாம் படி: உள்ளமைப்பு

கோழிகள் அமர 2×4 கட்டையின் அகலமான பக்கம் மேலே இருக்கட்டும். அப்போதுதான் கோழி தன் விரல்களை வயிற்று இறகால் முழுவதும் மூடிக்கொள்ள முடியும். பின்சுவரை ஒட்டி, தரையிலிருந்து 3 அடி உயரத்தில், இரண்டு 8 அடிக் கட்டைகள் 12 கோழிகளுக்குத் தாராளமாகப் போதும். ஓர் அடிக் கனச்சதுர முட்டைப் பெட்டிகள் மூன்றைக் கட்டையைவிடத் தாழ்வாக வையுங்கள். உயரமாக வைத்தால் அவற்றிலேயே படுத்து எச்சமிடும். தரையில் 6 அங்குலத்திற்குப் பைன் மரச்சீவல் பரப்பி, வாரந்தோறும் கிளறி, குளிர்காலம் முழுவதும் மேலே சேர்த்துக்கொண்டே போகலாம்.

வெப்ப விளக்கு வேண்டவே வேண்டாம். காய்ந்த சீவலும் இறகுத்தூளும் நிறைந்த இடத்தில் அது கீழே விழுந்தால் கூடு முழுவதும் எரிந்துபோகும். மின்சாரம் கொண்டுசெல்ல முடிந்தால், நீர் உறையாமல் காக்கும் சூட்டுத்தட்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இனத்தையும் இந்த ஊருக்கேற்பத் தேர்ந்தெடுங்கள். கியூபெக்கின் ஓக்கா மடத்தில் சகோதரர் வில்ஃப்ரெட் ஷாட்டலேன் உருவாக்கிய ஷான்டெக்ளேர், பனிக்கடிக்கு எளிதில் இடம் கொடாத அளவுக்குக் கொண்டையும் தாடியும் சிறுத்த இனம். கோடையிலேயே கூட்டை முடித்துச் செப்டம்பருக்குள் கோழிகளைக் குடியேற்றினால், இலையுதிர்காலத்தில் பழைய இறகை உதிர்த்துப் புதிய இறகு வளர்க்கும்போதே அவை அந்த இடத்திற்குப் பழகிவிடும். முதல் கடுங்குளிர் இரவுக்கு மறுநாள் காலையில் சன்னலின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே உறைபனி படிந்திருந்தாலோ, கோழியின் உயரத்திற்குக் குனிந்து முகரும்போது அம்மோனியா நெடி மூக்கைத் தாக்கினாலோ, மேல்திறப்பை இன்னும் பெரிதாக்குங்கள்.