மூடவே முடியாத எபிக்குகள்: ஸ்பிரிண்ட் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மென்பொருள் வேலைகளைப் பதிந்து பின்தொடர உதவும் ஜிராவில் புது புராஜெக்ட் திறந்ததும் பல குழுக்கள் முதலில் போடும் எபிக்குகள் (பல சிறு வேலைகளைச் சேர்த்த பெரிய வேலைகள்): 'பேக்எண்ட்', 'யுஐ', 'பக் ஃபிக்ஸ்'. சிக்கல் அங்கேயே ஆரம்பம். பேக்எண்ட் வேலை என்றைக்கு முடியும்? மென்பொருள் பயன்பாட்டில் இருக்கும்வரை அது முடியாது. வகை பிரிக்கத்தான் காம்பொனென்ட்டும் லேபிளும் இருக்கின்றன. எபிக் என்றால் ஒருநாள் அதை மூட முடிய வேண்டும்.

இணையக் கடை ஒன்றில் யுபிஐ சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 'யுபிஐயில் பணம் செலுத்துதல்' நல்ல எபிக். அதை உடைப்பதில்தான் சறுக்குகிறார்கள். முதல் ஸ்பிரிண்டில் (குறிப்பிட்ட சில வார வேலைச் சுற்று) தரவுத்தள டேபிள்கள், அடுத்ததில் ஏபிஐ (திரையையும் தரவையும் இணைக்கும் பகுதி), மூன்றாவதில் திரை. இரண்டு வார ஸ்பிரிண்ட் என்றால், ஆறாவது வாரத்தில்தான் முதல் ரூபாய் நகரும். பேமெண்ட் கேட்வே (பணம் வாங்கித் தரும் சேவை) ஒரே வெப்ஹூக்கை (பணம் வந்ததைச் சொல்லும் தானியங்கி அறிவிப்பு) இரண்டு முறை அனுப்பும், அதனால் ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகும் என்பதும் அப்போதுதான் தெரியவரும். மாறாக, ஒரு பொருள், ஒரு க்யூஆர், வெற்றிகரமான ஒரே ஒரு பேமெண்ட் என்று திரையிலிருந்து டேபிள் வரை முதல் ஸ்பிரிண்டிலேயே ஓட்டிப் பாருங்கள். ரீஃபண்ட் பிறகு வரட்டும். பணம் வந்ததா என்று உறுதியாகாத 'பெண்டிங்' நிலைக்கான ஸ்டோரியை (எபிக்குக்குள் வரும் சிறு வேலை) மட்டும் கடைசிக்குத் தள்ள வேண்டாம்: வங்கியில் பணம் போயிருக்கும், கடை 'தோல்வி' என்று காட்டும், வாடிக்கையாளர் மறுபடியும் கட்டுவார்.

எபிக்குக்கு இத்தனை ஸ்பிரிண்ட் என்று விதி கிடையாது. ஸ்பிரிண்ட் முறையை விளக்கும் 2020 ஸ்க்ரம் வழிகாட்டியில் 'எபிக்' என்ற சொல்லே இல்லை. ஆறு ஸ்பிரிண்ட் தாண்டினால் உடைத்துவிடுவது நல்லது என்பது எங்கள் கணக்கு. பாதியில் யாராவது 'ஆட்டோபேயும் (தானாகப் பணம் கழியும் வசதி) சேர்த்துவிடலாமே' என்பார். அது தனி எபிக். இதற்குள் நுழைத்தால், மிச்ச வேலையைக் காட்டும் பர்ன்டவுன் கோடு இறங்கவே இறங்காது.

8 பாயின்ட் (வேலையின் அளவு மதிப்பீடு) ஸ்டோரி முடியாமல் நின்றால், 'முக்கால்வாசி ஆச்சு' என்று 6 பாயின்ட்டை இந்த ஸ்பிரிண்ட் கணக்கில் எழுதும் வழக்கமும் உண்டு. முடியாத ஸ்டோரிக்கு மதிப்பு பூஜ்யம்தான். அரைகுறைக்கும் பாயின்ட் கொடுத்தால் வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்டில் குழு முடிக்கும் பாயின்ட்) ஊதிப்போகும். அதை வைத்துச் சொன்ன வெளியீட்டுத் தேதியும் பொய்க்கும்.

இன்னொன்று, எபிக்கை 'டன்' ஆக்கினால் உள்ளே திறந்திருக்கும் ஸ்டோரிகளை ஜிரா தானாக மூடிவிடாது. அவை பேக்லாகிலேயே (செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்) கிடக்கும். மூடும் முன் ஒவ்வொன்றையும் பார்த்து, வேண்டாததை ரத்து செய்து, மிச்சத்தை வேறு எபிக்குக்கு மாற்றுங்கள்.