சீட் பெல்ட் போடும் டிரைவருக்குப் பரிசு: திட்டத்தை நடத்தும் முறை

பரிசை அறிவிக்கும் முன் எண்ணத் தொடங்குங்கள். உங்கள் நிறுவனத்தில் வண்டிகள் வேகம் குறைக்கும் வெளிவாசலில் ஒருவர் நின்று, இரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் குறிக்கட்டும்: போட்டவர், போடாதவர், போட்டாரா என்று சரியாகப் பார்க்க முடியாதவர். இந்த மூன்றாவது பிரிவை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் சந்தேகமானதெல்லாம் 'போட்டவர்' கணக்கில் போய்ச் சேரும். இந்த எண்ணிக்கை கையில் இல்லாமல் ஆரம்பித்தால், பரிசால் ஏதாவது மாறியதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

போட்டிருப்பது என்றால் எது? பட்டை தோளின் நடுவில் இறங்கி மார்பின் குறுக்கே வர வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிந்திருக்க வேண்டும். அக்குளுக்கு அடியில் விட்டால், மோதலின்போது முழு இழுவையும் விலா எலும்பில் விழும். முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டுவது, எச்சரிக்கை ஒலியை அடக்க வெறும் கொக்கியைச் சொருகுவது, இரண்டும் போடாத கணக்குதான். தானாக உள்ளே சுருண்டு போகாத பட்டை, சீட் கவருக்குள் புதைந்த பக்கிள் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

முன்சீட்டில் பெல்ட் உயிரிழப்பு அபாயத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. ஆனால் அந்தப் பலன் அன்றாட ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. தோளில் உறுத்துவது மட்டும் தினமும் தெரிகிறது. அதனால்தான் பரிசு சின்னதாக இருந்தாலும் உடனே கைக்கு வர வேண்டும். வருடக் கடைசியில் தரும் பெரிய பரிசு, காலையில் பெல்ட்டை இழுக்கும் கையை அசைக்காது.

பரிசு தொடங்கியதும் முதல் இரண்டு வாரம், போட்டு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு கூப்பன். கொடுக்கும்போது "பெல்ட் போட்டிருக்கீங்க, அதுக்குத்தான்" என்று காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். போடாதவரைத் திட்ட வேண்டாம். திட்டு விழுந்தால் அந்த வாசலையே பகையாகப் பார்ப்பார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்து பேரில் ஒருவருக்கு, எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாதபடி. வண்டியை நிறுத்த இடமில்லையா? போட்டவரின் வண்டி எண்ணைக் குறித்துக் குலுக்கலில் சேர்க்கலாம். 1980களில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் கெல்லர் குழு வளாகப் போலீசாரைக் கொண்டு இப்படிச் செய்தது. வாரம் தவறாமல் குலுக்குங்கள். தள்ளிப்போனால் ஆர்வம் போய்விடும்.

அடிக்கடி கெடுவது இங்கே: வாசலுக்கு முன் மாட்டி, தாண்டியதும் கழற்றுவார்கள். ஆகவே எண்ணும் இடம் ஒன்று, கொடுக்கும் இடம் வேறு என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளியும் எண்ணிப் பாருங்கள். அடிக்கடி இறங்கி ஏறும் டெலிவரி ஓட்டத்தில்தான் பெல்ட் அதிகம் விடுபடும். 'விபத்தில்லா மாதம்' என்று மட்டும் பரிசு வைக்காதீர்கள். சின்ன விபத்துகளை மறைப்பார்கள், பெல்ட் பழக்கம் அப்படியே இருக்கும்.

எட்டு வாரம் கழித்துப் படிப்படியாகக் குறையுங்கள், ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். எண்ணிக்கை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். தொடக்க அளவை நெருங்குகிறது என்று தெரிந்தால், முன்னறிவிப்பில்லாமல் ஒரு வாரம் மறுபடியும் வாசலில் கூப்பனோடு நில்லுங்கள்.